தனி அடுப்பு

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில், மேட்டுப் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டி முதல் அடுப்பை மூட்டியவள் அக்காதான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. குழந்தைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன, பெரியவர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அவள் எழுந்து போய் மூட்டினாள். விறகு ஏது? உடைந்த பெஞ்சுக் கால்களும், கடல் தூக்கி வந்து மேட்டில் எறிந்துவிட்டுப் போன படகுப் பலகைகளும்தான். உப்பு ஏறிய பலகை சடசடவென்று வெடித்தது. புகை கண்ணைக் கரித்தது. அந்தப் புகையைப் பார்த்துத்தான் சிலருக்கு அழுகையே வந்தது. அதுவரை அழக்கூடத் தோன்றாமல் இருந்தார்கள்.

அவளை ஊரில் 'இஞ்சின்காரர் அக்கா' என்பார்கள். தம்பி படகு இஞ்சின் பழுது பார்ப்பவன். கெட்டிக்காரன். இஞ்சின் இருமுகிற சத்தத்தைக் கரையில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். அவளுக்குக் கல்யாணம் ஒன்று கூடி வந்து கலைந்தது. அதற்குள் தம்பிக்குப் பெண் பார்க்கும் வயது வந்துவிட்டது. அப்புறம் அவன் பிள்ளைகள், பிள்ளைகளின் படிப்பு, அவன் மாமியாரின் முடக்குவாதம் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. பகலில் மீன் உலர்த்தும் களத்தில் வேலை, காலையும் மாலையும் வீட்டில் வேலை. எல்லாரும் படுத்த பிறகு மிச்சம் இருக்கிற இடத்தில் அவள் பாய் விரியும். அது ஒரு நாள் நடையில், ஒரு நாள் அடுப்படியில். இதில் குறை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

முகாமில் அந்தப் பெயர் மாறிப்போனது. 'சமையல் அக்கா' ஆனாள். மூன்று கல் ஆறு கல்லாகி, பிறகு மண் குழைத்துப் பூசிய நீள அடுப்பாகி, கொட்டகை முழுவதும் அண்டாவாக நின்றது. துடுப்புக் கட்டையால்தான் சோற்றைக் கிளறினாள். "கடலுக்குப் போக வேண்டிய துடுப்பு, சோத்துல நீந்துது பாரு" என்று பக்கத்து வீட்டு வலைக்காரர் சொன்னபோது வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு அந்த ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முகாமை ஒருங்கிணைக்க வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தோளில் ஒரே பை. எல்லாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். அறிவியல் கூடத்தில் தங்கிக்கொண்டாள். தினமும் காலையில் ஏழாம் வகுப்பு அறையில் கூட்டம் போடுவாள். தண்ணீர் லாரிக்காரர், மருத்துவக் குழு, கழிப்பறைக் குழி வெட்டுகிறவர்கள், உதவி கொண்டுவரும் சங்கங்கள், ஊரிலிருந்து நாலு பேர். வருகிற உதவிக்கும் தேவைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. போர்வை மலைபோல் குவிந்தது. வாளி ஒன்றுகூட வரவில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றால் பிடிக்கப் பாத்திரம் இல்லை. ஒரு சங்கம் பனி பெய்கிற தேசத்துக்கான கோட்டுகளை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போனது. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "போட்டா வேகுது, போடலன்னா கொடுத்தவன் மனசு நோகும்" என்றார். மேடம் யாரையும் கடிந்துகொள்ளாமல், போர்வைக்காரர்களை வாளிக்கும் கோட்டுக்காரர்களைக் குளோரினுக்கும் திருப்பிவிட்டாள். அந்த நெளிவு சுளிவு அவளுக்குக் கைவந்திருந்தது.

தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து வெடித்த சமயம், தற்காலிக வீடுகள் பற்றிய செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தகர அறைகள். ஓர் அடுப்புக்கு ஓர் அறை. ஒரு குடும்பத்தில் ஆறு பேர் இருந்தால் இரண்டு அறை. தம்பி விரலை மடக்கிப் பார்த்தான். தான், மனைவி, வளர்ந்த மகள் பாப்பா, மகன், மாமியார், அக்கா. ஆறு. அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்தது. "பாப்பாவுக்கும் ஒரு மறைவு ஆச்சு" என்று மனைவியிடம் சொன்னான்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்டாக்களைக் கவிழ்த்த பிறகு, அக்கா ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு அறிவியல் கூடத்துக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா. அரிசி தீந்துடுச்சா?"

"அரிசி இருக்கு. எனக்கு ஒரு அறை வேணும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க தம்பி வீட்டுக்குத்தான் ரெண்டு அறை வருதேக்கா."

"அது தம்பிக்கு. நான் எனக்குக் கேக்கறேன்."

"வீட்டுல ஏதாவது தகராறா? கை கிய் நீட்டினாரா?"

"சேச்சே. தங்கமான பையன்."

"அவர் சம்சாரம்?"

"அவளும் நல்லவதான். என்னை ஒரு வார்த்தை தடிச்சுப் பேசுனதில்ல."

"பின்ன ஏன்க்கா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கொடியில் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. "வேணும் மேடம்" என்றாள்.

"ஒரு அடுப்புக்கு ஒரு அறைன்னு விதி. நீங்க தம்பி அடுப்புல சேத்தி."

"அந்த அடுப்புல சமைச்சது நான்தானே. இப்ப இந்த முகாம்லயே பெரிய அடுப்பு என்னோடது. அதுக்கு ஒரு அறை கிடையாதா?"

மேடம் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"தனியா இருக்கற பொம்பளைங்களுக்குப் பொதுக் கொட்டகை ஒண்ணு போடறோம். அங்க வேணா இடம் தரலாம்."

"பொதுவுலதான் மேடம் இத்தன காலமும் இருந்தேன்."

மேடம் டீயைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒண்ணை நல்லா யோசிச்சுக்கோங்க. நீங்க பிரிஞ்சா அவங்க அஞ்சு பேர் ஆயிடுவாங்க. அஞ்சு பேருக்கு ஒரே அறைதான். படுத்த படுக்கையா ஒரு அம்மா, வளந்த பொண்ணு. இதை நான் மாத்த முடியாது. ஏழு பேர், எட்டு பேர்னு பின்னாடி நிக்கறாங்க. தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும். அதை யோசிச்சுத்தான் இத்தன நாள் கேக்காம இருந்தேன்."

"தனியா இருக்கறது அவ்வளவு சுகமில்லக்கா. நான் இருக்கேனே. என் பிள்ளை எங்கம்மாகிட்ட இருக்கு. போன்ல பேசினா, எப்ப வருவேன்னு கூட இப்பல்லாம் கேக்கறதில்ல. இந்தக் கண்ணாடி ஜாடியில செத்த தவளையோட பேசிட்டுப் படுக்கறேன்."

"உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு மேடம். போனா உங்க வீடு."

மேடம் கீழே வைத்த டீயை மறுபடி கையில் எடுத்தாள்.

செய்தி தம்பியின் காதுக்குப் போக நேரமாகவில்லை. விளையாட்டு மைதானத்தில் ஒரு படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் குடித்த இஞ்சின்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. அவன் சரிசெய்தால்தான் ஊர் கடலுக்குப் போக முடியும். அக்கா அவனுக்குச் சோறு கொண்டுபோனாள்.

"நான் உனக்கு என்ன குறை வச்சேன்?" என்றான், தலை நிமிராமல்.

"ஒரு குறையும் இல்லப்பா. சாப்பிடு."

"நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்? புயல்ல வீடு போச்சு, அதோட அக்காவையும் தொரத்திவிட்டுட்டான்னு சொல்ல மாட்டானா?"

"நானாத்தான் போறேன்னு சொல்றேன்."

"பாப்பாவை நெனச்சுப் பாத்தியா? உன் கையில வளந்த புள்ள. ஒரே அறையில எல்லாரும் எப்படி முடங்கறது?"

அது அவளுக்குச் சுருக்கென்றது. இலையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் சாப்பிடவில்லை. சாயங்காலம் அந்த இலை அப்படியே இருந்தது. நாய்தான் சுற்றிவந்தது.

தம்பி விடவில்லை. மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனான். மேடம் அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினாள். வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் நாலு பேரும் நின்றார்கள். கரியும் மாவுமாக அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு தூணோரம் நின்றாள்.

"அக்காவுக்கு மனசு சரியில்ல மேடம்" என்றான் தம்பி. "இத்தன சாவு, இத்தன சேதம். யாருக்குத்தான் சரியா இருக்கு. அவ சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீங்க. எங்க குடும்பத்துல ஆறு பேரு. அப்பவும் ஆறு, இப்பவும் ஆறு."

அக்கா மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு அஞ்சு பேருன்னு சொன்னியேப்பா."

"என்னைக்கு?"

"தண்ணி வந்த அன்னைக்கு. இதே வராந்தாவுல. வலைக்காரர்கிட்ட."

தம்பிக்குப் புரியவில்லை. அக்காவும் அதற்கு மேல் நீட்டி முழக்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அன்று பகலிலேயே வானம் இருண்டு, கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. தம்பி மாமியாரை முதுகில் தூக்கிக்கொண்டான். மனைவி பையனைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா முன்னால் ஓடினாள். அக்கா அப்போது பின்கட்டில் இருந்தாள். தம்பியின் கருவிப் பெட்டியையும் சாமான்களையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பெட்டி கனம். இரண்டு தடவை கை நழுவியது. இறங்கி வந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. வாசல் கதவு தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. மதில் சுவரைப் பிடித்தும், மதில் முடிந்த இடத்தில் மரத்தைப் பிடித்தும் மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். வராந்தாவில் ஏறியபோது வலைக்காரர் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார், எல்லாரும் வந்தாச்சா என்று. "வந்தாச்சு. அஞ்சு பேரும் பத்திரம்" என்றான் தம்பி. சொல்லிவிட்டுத் திரும்பியவன் அவளைப் பார்த்தான். "அக்கா, பையன் நனைஞ்சுட்டான். தொடைக்க ஏதாவது துணி இருக்கா பாரு" என்றான். கூடவே வந்தவளிடம் சொல்வதுபோல. அவள் துணி தேடிப் பையனைத் துடைத்தாள்.

"நான் அப்படிச் சொல்லல" என்றான் தம்பி.

"சொன்னீங்க" என்றாள் அவன் மனைவி, தரையைப் பார்த்தபடி.

"பதட்டத்துல ஏதோ வாய் தவறி..."

"பதட்டந்தாம்ப்பா. எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா. "குத்தம்னு சொல்லல. இப்ப நீ ஆறுன்னு சொல்றப்போ, கேக்க நல்லாத்தான் இருக்கு."

உள்ளே யாரோ தண்ணீர்க் குழாய் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி படியிறங்கி மைதானத்தை நோக்கிப் போனான். இஞ்சின்கள் பக்கம் போகாமல், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

கடைசி வரிசையின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மண்வெட்டி கடப்பாறை வைக்க ஒரு சின்ன அறை போடுவதாக இருந்தது. மேடம் மண்வெட்டிகளைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த அறையை அக்காவுக்கு ஒதுக்கினாள். மற்ற அறைகளில் பாதிதான் இருக்கும். தம்பி வீட்டுக்கு ஓர் அறை. அதில் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குடிபோவதற்கு முந்தின நாள், தம்பி மனைவி சமையல் கொட்டகைக்கு வந்து, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கு நறுக்கத் தொடங்கினாள். நாலைந்து கிழங்கு முடிந்த பிறகு பேசினாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க வரலைங்கறது அவருக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது."

அக்காவின் கத்தி நின்றது.

"பாதி வழியில திரும்பிப் பாத்தேன். நீங்க இல்ல. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொன்னா அம்மாவை அங்கயே எறக்கி வச்சுட்டு இவர் திரும்பி ஓடுவார். அவரைத் தண்ணி கொண்டுபோயிட்டா? ரெண்டு புள்ளைங்களை வச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்? வாயை மூடிக்கிட்டேன். மேட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மேட்டுக்கு வந்தும் சொல்லல."

அவள் அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். கத்தி கிழங்கில் படாமல் பக்கத்தில் வழுக்கியது.

அக்கா அவள் விரலையே பார்த்தாள். பிறகு, "கையை வெட்டிக்கப்போறே. கத்தியை வை" என்றாள்.

"திட்டிடுங்க அண்ணி."

"திட்ட வரலடி."

"இவர்கிட்ட சொல்லப்போறீங்களா?"

"எதுக்கு? அவன் உன்கூட இருக்க வேண்டியவன்."

அண்டாவில் தண்ணீர் கொதித்துத் தளதளவென்று சத்தமிட்டது. தம்பி மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பாப்பாவை மட்டும் உங்ககூடப் படுக்க விடறீங்களா? ஒரே அறையில அவளுக்குத் துணி மாத்தக்கூட எடமில்ல."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சரி என்று சொல்லிவிடலாம். சொல்லித்தான் பழக்கம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"துணி மாத்த எப்ப வேணா வரட்டும். படுக்க இப்ப வேணாம்" என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்."

சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

குடிபோன அன்று, ஒவ்வொரு அறை முன்னாலும் ஒவ்வோர் அடுப்பு புகைந்தது. பொதுச் சமையல் அன்றோடு முடிந்தது. அண்டாக்கள் லாரியில் ஏறின. மேடத்துக்கு அடுத்த கடற்கரை ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அக்காவின் அறையை எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா. தாழ்ப்பாள் சரியா விழுதா?" என்று கேட்டுப் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. "போனதும் பிள்ளையைப் பாருங்க மேடம்" என்றாள் அக்கா. மேடம் தலையாட்டினாள். வண்டி கிளம்பிப் புழுதி அடங்கியது.

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். நாலு பக்கமும் தகரம், கீழே சிமெண்ட், மேலே ஒரு காற்றுத் துளை. பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கமும் விரிக்கலாம். ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றும் கை மறந்திருந்தது. ஒரு பிடி போட்டாள், போதாது என்று தோன்றி இன்னொரு பிடி, அப்புறம் ஒன்று. சோறு மூன்று வேளைக்கு மிஞ்சியது. யாரையாவது கூப்பிடலாமென்று வாசலுக்கு வந்தாள். எல்லார் வீட்டிலும் சோறு இருந்தது.

ஊர் பேசத்தான் செய்தது. "தம்பி குடும்பத்தை ஒத்தை அறையில நெருக்கிட்டு, மகராசி தனியா காலை நீட்டிப் படுக்கறா" என்று தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். அறைக்குப் பக்கத்திலேயே தொட்டி. காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? பாப்பா வந்து துணி மாற்றிக்கொண்டு, "வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போவாள். முன்பு அவளோடு நாள் முழுக்கத் தொணதொணத்தவள். தம்பி அந்த வரிசைப் பக்கமே வரவில்லை.

மீன் உலர்த்தும் களத்தை மணல் மூடியிருந்தது. அவளும் இன்னும் சில பெண்களும் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். அள்ள அள்ள அடியில் சிமெண்ட் தெரிந்தது. ஒரு காலையில் கடலில் இஞ்சின் சத்தம் கேட்டது. மணல் கூடையோடு நிமிர்ந்தாள். முதல் படகு போய்க்கொண்டிருந்தது. கூட இருந்தவள், "உன் தம்பி கைவேலை" என்றாள். "ம்" என்றாள் அக்கா. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்கு வீட்டில் ஆள் இல்லை. சில நாள் காலையில் 'குடத்தை நகத்து' என்று தொட்டியில் சொன்னதோடு அவளுடைய பேச்சு முடிந்துவிடும். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைப்பாள். திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைப்பாள். ஆனால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடும்போது, அந்த இரும்பு குழிக்குள் விழுகிற சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

பிறகு மழை பிடித்தது. தகரம் சேருகிற இடத்தில் ஒழுகி, பாயின் ஒரு பக்கம் ஊறிப்போனது. பாயை நகர்த்தினாள். அங்கேயும் ஒழுகியது. ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு மூலையில் குந்தியிருந்தாள். ஒரு காலை மழை விட்டிருந்தபோது, பாப்பா துணி மாற்ற வந்து ஒழுகலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். கையில் முறுக்காணிகளும் தாரும். முழங்கால் வரை சேறு. கதவு திறந்துதான் கிடந்தது. அவன் அக்கா இருக்கும் இடத்துக்குள் நுழைய என்றைக்கும் யோசித்தவன் இல்லை. அடுப்படியோ நடையோ, அவன் பாட்டுக்கு வருவான், போவான். இன்று வாசலிலேயே நின்றான்.

"ஒழுகுதாமே."

"லேசாத்தான்."

"தகரத்தை ஒண்ணு மேல ஒண்ணு சரியா ஏத்திப் போடல. காத்து வாட்டத்துக்கு எதிரா வச்சிருக்கான்." மேலே பார்த்தபடியே பேசினான். மெலிந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. "தெரிஞ்சிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்க்கா."

"வந்திருப்பே."

"சத்தியமா."

"தெரியும்ப்பா. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அவன் முறுக்காணிகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பக்கத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. அவன் வாசற்படியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"உள்ள வரட்டுமா?" என்றான்.

அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சும்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் நின்றுகொண்டிருந்தான். அவசரப்படுத்தவில்லை.

"கால் பூரா சேறு" என்றாள் கடைசியில். "வெளிய குடத்துல தண்ணி இருக்கு. கழுவிட்டு வா."